ஒத்த மணி யாருக்கு

நம் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆண்டு மலருக்கு, படித்து முடித்து வேலையில் இருக்கும் ஒருவர் பணி அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் வெளியூர் போய்விட்டதால் என்னிடம் கேட்டார்கள். அனுபவம் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் உங்களில் இரண்டு பேர் எங்கள் போடி பட்டறையில் சேரப்போகிறீர்கள், நான் மதுரைக்குப் போகிறேன். அதனால் தம்பிகளே, போடி மலையில் போன் மாட்டப்போகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் போகிறேன். கம்பி இழுப்பது, பேட்டரி மாற்றுவது, கம்பத்தில் ஏறுவது எல்லாம் வாத்தியார் சொல்லிக்கொடுத்திருப்பார். போனுக்கு எண் கொடுப்பதை அவர் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

எண் கொடுப்பதில் என்ன இருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கொடுக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஒன்றுக்கு அடுத்தது இரண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தால், ஊர் உலகமும் அதை ஒத்துக்கொண்டுவிட்டது என்றே நம்பினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி என்னைத் தனியாக அனுப்பிய முதல் வேலை அந்த மலை லைன். சரிவில் இருந்த ஏலத்தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து, தோட்டத்துக்குத் தோட்டம் பேசிக்கொள்ள ஒரு லைன் கேட்டார்கள். வெளியூருக்கெல்லாம் அதில் பேச முடியாது. ஒரே ஒரு ஜோடிக் கம்பி, ஆளுக்கு ஒரு கைப்பிடி போன். ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். எத்தனை மணி அடிக்கிறது என்பதுதான் விலாசம். இரண்டு அடித்தால் இரண்டாம் வீட்டுக்காரர் எடுக்க வேண்டும், மூன்று அடித்தால் மூன்றாம் வீட்டுக்காரர். மற்றவர்கள் எடுக்கக் கூடாது.

அந்த லைன் போட்டதே ஒரு ஜீப்புக்காக. மலையில் அப்போது ஓடியது ஒரே ஜீப்பு. அது சிலமலை ஊர்க்காரரான ஒரு தோட்டக்காரருடையது. மலையில் ஆளை ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதனால் அவர் சிலமலைக்காரர். மேல்தோட்டத்தில் யாருக்காவது முடியாமல் போனால், ஒருவன் பள்ளம் இறங்கி ஏறிப் போய்ச் சொல்லித்தான் ஜீப்பு வர வேண்டும். மேல்தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மனைவி பேச்சி அப்போது நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் அவள் வீட்டுச் சுவரில் போன் பெட்டியை முடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டாள்.

"அண்ணே, நான் இதச் சுத்துனா ஜீப்பு வருமா?"

"வரும் தங்கச்சி. அதுக்குத்தான் மாட்டுறோம்."

"மொதப் புள்ளைக்கு என்னையக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு எறங்குனாக. பாதி வழியிலயே பொறந்துருச்சு. தூக்குன நாலு பேரும் ஆம்பளைக. கட்டில எறக்கி வச்சிட்டு மரத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாக. அந்தக் கூத்து இன்னொருக்கா வேணாம்ணே."

வரும் என்று மறுபடியும் சொன்னேன். அந்த வார்த்தையை அப்போது சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

எண் கொடுத்தது புத்தகப்படி. கம்பி எந்த வீட்டில் தொடங்குகிறதோ அது ஒன்று, அடுத்தது இரண்டு. தொடங்கிய வீடு ராசிங்காபுரத்துக்காரருடையது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த வீடு, சிலமலைக்காரர். இருவரும் சொந்த ஊரில் நிலபுலம் உள்ளவர்கள், மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சினன் முறை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குலசாமி. அந்தக் கோயிலில் முதல் பரிவட்டம் யார் தலையில் கட்டுவது என்று தகராறாகி, பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கம்பம் நட்டவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ராசிங்காபுரத்துக்காரர் வீட்டில் வேலை முடித்து, காபி குடித்துவிட்டு, சிலமலைக்காரர் வீட்டுக்குப் போனேன்.

"அங்க காபி குடிச்சியா தம்பி?" என்றார் அவர்.

"குடிச்சேன்யா."

அவர் உள்ளே திரும்பி, "இவருக்கு மோர் கொண்டா" என்றார்.

மலைக் குளிரில் மோர் குடித்தேன். அதில் ஒரு செய்தி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

போன் ஓடத் தொடங்கிய மறுநாளே புகார் வந்தது. இரண்டு மணி அடித்தால் சிலமலைக்காரர் எடுப்பதே இல்லை. விசாரிக்கப் போனேன்.

"ரெண்டாவது மணிக்கெல்லாம் நான் எந்திரிச்சு வர மாட்டேன் தம்பி. எங்க அப்பாரு காலத்துல இருந்து எங்களுக்கு மொதல்லதான்."

"அய்யா, இது கம்பி வரிசை."

"கம்பி நட்டது நீ. வரிசை உன்னுது. எங்க வரிசை எங்களுக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து ஒரு மணி அடித்தால் அவரும் எடுத்தார். ராசிங்காபுரத்துக்காரரும் எடுத்தார். கூப்பிட்டவன் வாய் திறப்பதற்குள் இரண்டு பக்கமும், "யாரு அது, என் மணிய எடுக்கிறது?" என்ற சத்தம்தான் கேட்டது. ஆளைச் சொல்லிப் பேசினால் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டதாக ஆகிவிடும் என்பதால், இருவரும் பொதுவாகக் காற்றைப் பார்த்துத்தான் திட்டினார்கள். கூப்பிட்டவன் வைத்துவிட்டுப் போனான். ஜீப்பைக் கூப்பிட வழி இல்லாமல் போனது. நான் பேச்சியிடம் சொன்ன வார்த்தை அந்தரத்தில் தொங்கியது.

பட்டறைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒரு பழைய ரேடியோவின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒத்த மணி குடுக்க முடியுமாடா?"

"முடியும் முதலாளி. புத்தகத்துல வழி இருக்கு."

வழி இதுதான். போனில் பேச்சு இரண்டு கம்பியிலும் சேர்ந்து ஓடும். ஆனால் மணியை ஒரு கம்பியிலும் பூமியிலும் மட்டும் ஓட வைக்கலாம். பாதி வீடுகளின் மணியை மேல்கம்பியிலும், மீதி வீடுகளின் மணியைக் கீழ்க்கம்பியிலும் மாட்டிவிட்டால், மேல்கம்பி மணி கீழ்க்கம்பி வீடுகளில் கேட்காது. யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர் கம்பிக்கு ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டுச் சுற்ற வேண்டும். நம் வீட்டு மணி எந்தக் கம்பியில் அடிக்கும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு பித்தளைத் தகடுதான் தீர்மானிக்கும். ஒரு திருகைத் தளர்த்தி மேலே தள்ளினால் மேல்கம்பி, கீழே தள்ளினால் கீழ்க்கம்பி. சிலமலைக்காரருக்கு மேல்கம்பியில் ஒன்று, ராசிங்காபுரத்துக்காரருக்குக் கீழ்க்கம்பியில் ஒன்று. இருவருக்கும் முதல் மணி.

முதலாளி ரேடியோவிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார். "பரிவட்டத்த ரெண்டாக் கிழிச்சு ரெண்டு பேரு தலையிலயும் கட்டுனா சண்ட தீந்துருமாடா?"

"இது பரிவட்டம் இல்ல முதலாளி, மின்சாரம்."

"சரி, போயிட்டு வா."

ஒவ்வொரு வீடாகப் போய் பூமிக்குக் கம்பி இறக்கினேன், தகடு வைத்தேன், சுவிட்சு வைத்தேன். அட்டைப் பூச்சிகளுக்கு என் காலில் நல்ல சாப்பாடு கிடைத்தது. வேலை முடிந்ததும் பேச்சி வீட்டிலிருந்து மேல்கம்பியில் ஒன்று சுற்றினேன். சிலமலைக்காரர் மட்டும் எடுத்தார். "யாரு?" என்று கேட்ட குரலில் அரச தோரணை இருந்தது. கீழ்க்கம்பியில் ஒன்று சுற்றினேன். ராசிங்காபுரத்துக்காரர் மட்டும் எடுத்தார். அங்கேயும் அதே தோரணை. நான் போடிக்கு இறங்கிய பஸ்சில், உலகத்தில் உள்ள எல்லாச் சண்டைக்கும் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த நினைப்பு, போடியில் ஏலக்காய் விற்கும் ஏல மையத்தில் அடுத்த ஏலம் வரைக்கும் இருந்தது. ஏலத்துக்கு இறங்கிய சிலமலைக்காரர் பட்டறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

"மணி நல்லா அடிக்குது தம்பி. குத்தம் சொல்லல. அங்க அடிக்குதா?"

"அடிக்குதுய்யா."

"எனக்குக் கேக்கலையே."

"கேக்கக் கூடாதுன்னுதான்யா பிரிச்சது."

"அப்ப எனக்கு அடிக்கிறது அவுகளுக்கு?"

"கேக்காதுய்யா."

"அந்தாளு காதுல விழலேன்னா அது என்னப்பா மொத மணி? என் பொண்டாட்டி காதுல விழுறதுக்கா இம்புட்டுக் கம்பிய இழுத்த?"

கிளம்பும்போது, அந்தப் பித்தளைத் தகடு எங்கே இருக்கிறது, எந்தத் திருகு, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று விசாரித்தார். "சும்மா தெரிஞ்சுக்கிடலாம்னுதான்" என்றார். படிக்காதவர் தொழில்நுட்பத்தில் இவ்வளவு ஆர்வம் காட்டுகிறாரே என்று எனக்குப் பூரிப்பு. தாளில் படம் போட்டுக் காட்டினேன்.

பிறகு ராசிங்காபுரத்துக்காரர் வந்தார். அவர் புகார் வேறு மாதிரி.

"அங்க ஒரு நாளைக்கு எத்தன மணி அடிக்குதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல தம்பி. முன்ன கேக்கும். நம்மளுக்கு இத்தன, அவுகளுக்கு இத்தனன்னு மனசுல ஒரு கணக்கு ஓடும். இப்ப ஒண்ணுந் தெரியல."

"நீங்க போன எடுத்தாப் பேச்சு கேக்கும்யா. பேச்சு எல்லாருக்கும் பொதுதான்."

"எப்ப எடுக்கணும்னு மணி அடிச்சால்ல தெரியும்?"

அது நியாயமாகத்தான் இருந்தது. அவரும் போகும்போது தகட்டைப் பற்றிக் கேட்டார். அவருக்கும் படம் போட்டேன்.

முதலாளி இரண்டு தடவையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை மட்டும், "வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்டா நீ" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பேச்சிக்கு நாள் நெருங்கியதும், லைனை ஒருமுறை சோதித்துவிட்டு வருவோம் என்று காலை பஸ்சில் ஏறினேன். மலையில் சாரல். வழியில் முதல் வீடு என்பதால் ராசிங்காபுரத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை ஏலக்காய் லோடோடு போடிக்கு இறங்கிவிட்டான் என்றும், மேலே பேச்சி மட்டும் இருக்கிறாள் என்றும் சொன்னார். காபி வந்தது. ஒரு வாய் குடித்திருப்பேன். போனில் ஒரு மணி அடித்தது.

அவர் எழுந்து போய் எடுத்தார். எப்போதும் போல "யாரு?" என்று கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருட்டி, பேசுகிற குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, காதை மட்டும் கொடுத்து நின்றார். பல நாள் பழகிய கை அது.

காதுக் குழாயிலிருந்து கசிந்த குரல் எனக்கும் கேட்டது. பேச்சியின் குரல். "அய்யா, ஜீப்பு அனுப்புங்கய்யா. வலி கண்டுருச்சு. அய்யா, இருக்கீகளா?"

அவர் அசையவில்லை. மறுபக்கம் பதில் வரட்டும் என்று காத்திருந்தார். பதில் வரவில்லை. பேச்சி திரும்பவும், "அய்யா" என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி, கிசுகிசுப்பாகச் சொன்னார்.

"எடுக்க மாட்டேங்கிறான்யா."

"யாருய்யா?"

"யாரோ."

ஜீப்பைக் கூப்பிடுகிறவள் சிலமலைக்காரரின் மேல்கம்பியில்தான் சுற்றியிருப்பாள். அந்த மணி இந்த வீட்டில் எப்படி அடிக்கும்? பெட்டியைத் திறந்தேன். தகடு மேலே தள்ளியிருந்தது.

"அய்யா, இத யாரு மாத்துனது?"

"காத்துல ஆடி நகந்திருக்கும்."

"திருகு போட்ட தகடுய்யா."

"மல மேல காத்துப் பெருசு தம்பி."

வாதாட நேரமில்லை. துண்டை விலக்கி, அவர் கையிலிருந்து குழாயை வாங்கினேன். "தங்கச்சி, ஜீப்பு வருது. போன வச்சிட்டுப் படுத்துக்க" என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது. அவள் வைத்ததும் மேல்கம்பியில் ஒன்று சுற்றினேன். எவரும் எடுக்கவில்லை. மறுபடி சுற்றினேன். இல்லை. ஆளை அனுப்பினால் பள்ளம் இறங்கி ஏறுவதற்குள் என்ன ஆகுமோ. பேச்சியின் கட்டிலும், மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்ற நாலு ஆம்பளைகளும் கண்ணில் வந்து நின்றார்கள்.

தம்பிகளே, இந்த இடத்தில் எனக்குப் புத்தகம் உதவவில்லை. நான் போட்ட இரண்டு படங்கள்தான் நினைவுக்கு வந்தன. இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறேன். ஒரு மாணவர் இப்படித் தேறியிருந்தால், இன்னொருவர் மட்டும் தோற்றிருப்பாரா? அவர் வீட்டுத் தகடு கீழே இறங்கியிருக்க வேண்டும். சுவிட்சைக் கீழ்க்கம்பிக்குத் தள்ளினேன்.

"ஏப்பா, அது என் மணி. இந்த வீட்டு மணிய இங்கருந்தே அடிக்கிற" என்றார் ராசிங்காபுரத்துக்காரர்.

"இப்ப இது உங்க மணி இல்லய்யா. காத்துல நகந்துருச்சுல்ல."

ஒன்று சுற்றினேன். அடுத்த நொடியே லைனில் 'டக்' என்று ஒரு சத்தம். யாரோ எடுத்துவிட்டார். பேசவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் நிற்பது மட்டும் தெரிந்தது.

"அய்யா, பட்டறைத் தம்பி பேசுறேன். மேல்தோட்டத்துல பேச்சிக்கு வலி வந்துருச்சு. ஜீப்பு வேணும்."

மூச்சு இன்னும் அடங்கியது. பேசினால், எதிராளியின் மணியை ஒட்டுக் கேட்கத் தகட்டை மாற்றியது அவர்தான் என்று தெரிந்துபோகும். பேசாவிட்டால் ஜீப்பு இல்லை. அந்த மனுசர் எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. "அய்யா, இருக்கீங்கன்னு தெரியும்" என்றேன். அதற்கும் பதில் இல்லை.

ராசிங்காபுரத்துக்காரர் குழாயைப் பிடுங்கினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மச்சான்" என்றார். பல வருடத்துக்குப் பிறகு வந்த வார்த்தை என்பதால் கொஞ்சம் கரகரத்தது. "நீரு அங்க நிக்கிறது தெரியும். நானும் இங்க அதே சோலியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஜீப்ப எடும்."

லைனில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு குரல்.

"நீரு எத்தன நாளாக் கேக்குறீரு?"

"ஜீப்ப எடும்யா மொதல்ல."

"டிரைவரு வெறகு பொறுக்கப் போயிட்டான். நானே ஓட்டிட்டு வர்றேன். வாசல்ல நில்லும். ஒத்த ஆளா நான் அந்தப் புள்ளயத் தூக்க முடியாது. வெரசா."

மேல்தோட்டத்துக்குப் போகும் பாதை ராசிங்காபுரத்துக்காரர் வாசல் வழியாகத்தான். ஜீப்பு வந்து நின்றதும் அவர் முன்சீட்டில் ஏறினார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். பேச்சியையும், பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். அந்த வளைவுகளில் ஜீப்பை விட வேகமாக முன்சீட்டுப் பேச்சு ஓடியது.

"போன வாரம் உம்ம மணி எட்டுத் தடவ அடிச்சதே, யாரு?" என்றார் சிலமலைக்காரர்.

"எட்டுத்தானா? நான் பத்துன்னு நெனச்சேன். உம்ம வீட்டுல ஆளு சரியா எண்ணலயோ?"

"வீட்டுல ஆளு எதுக்கு? நானேதான் எண்ணுனேன்."

"அதச் சொல்ல வெக்கமா இல்லயா மச்சான்?"

"உமக்கு வெக்கம் இருந்துச்சா, துண்ட வாயில அடைக்கையில?"

ராசிங்காபுரத்துக்காரர் துண்டு வைத்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். இவரும் அதையே செய்திருக்க வேண்டும். பின்னாலிருந்து பேச்சி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அய்யா, என்னைய ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுட்டு உங்க சண்டையப் போடுங்கய்யா. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். போடி ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. கட்டில் இல்லாமல், மரம் இல்லாமல், நல்லபடியாக. கணக்கப்பிள்ளை ஏல மையத்திலிருந்து ஓடிவந்து இருவர் காலிலும் விழப் போனான். யார் காலில் முதலில் விழுவது என்று ஒரு நொடி தடுமாறியதைப் பார்த்தேன். புத்திசாலி. இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தான்.

வாசலில் டீ குடிக்கும்போது நான் தகட்டுப் பேச்சை எடுத்தேன். தகடுகளைப் பழையபடி வைக்கட்டுமா, இல்லை இப்படியே விடட்டுமா என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் சிலமலைக்காரர் சொன்னார்.

"எல்லாத்தையும் பழையபடி ஒண்ணாச் சேத்துரு தம்பி. எல்லாருக்கும் எல்லாங் கேக்கட்டும். ஒத்த மணி அவுகளுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

"அப்ப ஒத்த மணி யாருக்குய்யா?"

"ஜீப்புக்கு" என்றார் ராசிங்காபுரத்துக்காரர்.

அப்படியே செய்தேன். ஜீப்பு நிற்கும் கொட்டகையில் ஒரு போனை மாட்டினேன். டிரைவர் தங்கச்சன் கேரளப் பக்கத்துக்காரர். ஒத்த மணி அடித்தால் முதலாளிமார் இரண்டு பேரும் எடுக்கக் கூடாது, அவர்தான் எடுக்க வேண்டும் என்றதும், "அது செரி சாரே" என்று சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டதாக மலையில் பேச்சு.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். எந்தப் பெட்டியிலும் எந்தத் தகட்டையும் மாற்றும் முன், அதை மாற்றினால் யாருக்கு என்ன கேட்கும் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். யாருக்கு என்ன கேட்காமல் போகும், அதை அவர் தாங்குவாரா என்றும் பாருங்கள். லைனில் கோளாறு வந்தால் கம்பத்தில் ஏறுவதற்கு முன் வீட்டுக்காரரின் துண்டைப் பாருங்கள். ஆர்வமாகக் கேட்கிறவருக்குப் படம் போட்டுக் கொடுக்காதீர்கள். இல்லை, கொடுங்கள். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இங்கே முடித்திருப்பேன். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து ஆள் வந்தது. ராசிங்காபுரத்துக்காரரும் ஒரு ஜீப்பு வாங்கிவிட்டாராம். ஒத்த மணி இனி எந்த ஜீப்புக்கு என்று கேட்டு வரச் சொன்னாராம். முதலாளி ரேடியோவிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். "நான் மதுரைக்குப் போறேன் முதலாளி" என்றேன்.

ஆக, தம்பிகளே, அந்த வேலை உங்களுடையது. திருப்புளி என் மேசையில் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் காபி கொடுப்பார்கள், குடியுங்கள். முதலில் எந்த வீட்டில் என்று மட்டும் எனக்கு எழுதிக் கேட்காதீர்கள்.